ஓடிப்போன கைதியும் முடிசூடிய ராஜாவும்: பால் ராப்சனின் பன்னிரண்டு படங்கள்

பால் ராப்சன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரு கனத்த குரல்தான் ஞாபகத்துக்கு வரும். பாடகர், கறுப்பின உரிமைப் போராளி, அமெரிக்க அரசு பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்ட கலைஞர் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே மனிதர் 1925க்கும் 1942க்கும் இடையில் பன்னிரண்டு படங்களில் வேலை செய்தார் என்பதும், பிறகு சினிமாவே வேண்டாம் என்று உதறிவிட்டுப் போனார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏன் போனார், எதற்காகப் பதினேழு வருஷம் அதற்குள் இருந்தார், அந்தப் பதினேழு வருஷத்தில் வெள்ளை சினிமா அவரை என்னவாகக் காட்டியது என்பதெல்லாம் நமக்கும் வேண்டிய வரலாறு. சினிமாவும் மேடையும் நம் சனங்களை இன்றைக்கும் என்னவாகக் காட்டுகின்றன என்ற கேள்வி தீராமல் இருக்கும்வரை இது வேண்டிய வரலாறுதான்.

நாங்கள் ஐந்து பேர். ஒரு வக்கீல், ஒரு பள்ளிக்கூட டீச்சர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், பறையடிக்கும் தம்பி ஒருவன், நான். ராப்சனின் பன்னிரண்டு படங்களையும் வெளிவந்த வருஷ வரிசையில் பார்த்துப் பேசுவது என்று முடிவு செய்தோம். வக்கீல் வீட்டு மாடிதான் கொட்டகை. சில படங்கள் குறுந்தகட்டில் கிடைத்தன, சிலதை இணையத்தில் தேடி எடுத்தோம். இங்கிலீஷ் வசனத்தை டீச்சர் அக்கா நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம். கண்டக்டர் அண்ணன் பழைய டிரிப் ஷீட் எழுதின பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கட்டம் பிரித்து எழுதி வந்தார்: படத்தில் ராப்சன் யார், கடைசியில் என்ன ஆகிறார், கதையை முடித்து வைப்பது யார். இந்தக் கட்டுரையில் இருக்கிற பாதி விஷயம் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

1

ராப்சன் 1898 ஏப்ரல் 9ஆம் தேதி நியூஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் பிறந்தார். அப்பா வில்லியம் ட்ரூ ராப்சன் வட கரோலினாவில் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் அங்கிருந்து தப்பி ஓடி வடக்கே வந்தார். படித்தார், தேவாலயப் போதகர் ஆனார். அம்மா ராப்சனின் ஆறாவது வயதில் வீட்டில் நடந்த தீ விபத்தில் இறந்துபோனார். தப்பி ஓடிவந்த ஒருவனின் பிள்ளை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே அவர் ஒருவர்தான் கறுப்பு மாணவர். அமெரிக்கக் கால்பந்து அணிக்குள் போன முதல் நாளே சக ஆட்டக்காரர்கள் அடித்து மூக்கை உடைத்தார்கள். அதே அணியிலிருந்துதான் தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலுக்கு 1917லும் 1918லும் போனார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1923இல் பட்டம் வாங்கினார். நியூயார்க்கில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தார். ஒரு கறுப்பன் சொல்ல நான் எழுதிக்கொள்வதா என்று அங்கே சுருக்கெழுத்து வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் மறுத்துவிட்டாள். ராப்சன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒருவரை மேடைக்கு அனுப்பியது வெள்ளைச் சாதித்திமிர்.

அண்ணல் அம்பேத்கர் 1913இலிருந்து 1916வரை படித்த அதே கொலம்பியாதான் இது. நான்கு வருஷம் தள்ளி இவர் போகிறார். இருவரும் சந்திக்கவில்லை. ஆனால் இரண்டு பேரின் வழியும் வேறொரு இடத்தில் நெருங்கி வந்தது. ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்கக் கறுப்பர்கள் கொடுத்த மனுவைப் பற்றி விசாரித்து 1946இல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. துபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அந்த துபாய்ஸ் ராப்சனின் நெருங்கிய தோழர். கறுப்பர் மீது நடப்பது இனக்கொலை என்று குற்றம் சாட்டும் இன்னொரு மனுவை 1951 டிசம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர் ராப்சன்.

2

முதல் படம் 'பாடி அண்ட் சோல்', 1925. ஊமைப்படம். எடுத்தவர் ஆஸ்கார் மிஷோ என்ற கறுப்பர். தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தவர், சொந்தமாக நாவல் எழுதி வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் விற்றவர், அதே பாணியில் படம் எடுத்துக் கறுப்பர் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனவர். இதில் ராப்சனுக்கு இரட்டை வேடம். ஒருவன் சிறையிலிருந்து தப்பி வந்து போதகர் வேஷம் போட்டு ஊரை ஏய்க்கிறவன். இன்னொருவன் அவனுடைய நல்ல சகோதரன். போதகனை இப்படிக் காட்டக் கூடாது என்று நியூயார்க் தணிக்கைக்காரர்கள் பிடித்துக்கொள்ள, மிஷோ வெட்டி ஒட்டி மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் ஒரு தாய் கண்ட கெட்ட கனவு என்று படம் முடிகிறது.

படம் முடிந்ததும் வக்கீல் சொன்னார்: "நம்ம ஆளே எடுத்தாலும் கத்தரிக்கோல் அவங்க கையிலதான் இருக்கு." உண்மைதான். ஆனாலும் பன்னிரண்டு படங்களில் ஒரு கறுப்பர் இயக்கியது இது ஒன்றுதான். தன் சனத்துக்குள்ளேயே சுரண்டுகிறவன் ஒருவனைப் பயமில்லாமல் காட்டுவதற்கு மிஷோவுக்குத் துணிச்சல் இருந்தது. வெள்ளைக்காரன் கெட்ட கறுப்பனைக் காட்டுவதும் கறுப்பன் தன்னிடையே உள்ள கெட்டவனைக் காட்டுவதும் ஒன்றாகாது. பின்னதில் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நியாயம் கேட்கிற குரல் இருக்கிறது.

இரண்டாவது 'பார்டர்லைன்', 1930. சுவிட்சர்லாந்தில் இலக்கியக்காரர்கள் சிலர் சேர்ந்து எடுத்த சோதனைப் படம். கென்னத் மாக்ஃபெர்சன் இயக்கினார். ராப்சனின் மனைவி எஸ்லாண்டாவும் நடித்திருக்கிறார். ராப்சனின் முகம், தோள், மேகம், மலை என்று காமிரா அவரைச் சிலையாகப் பார்க்கிறது. கதையில் கொலை நடக்கிறது, குத்தியவன் வெள்ளைக்காரன், செத்தவள் வெள்ளைக்காரி. கடைசியில் ஊரை விட்டுப் போகச் சொல்லிக் காகிதம் வருவது கறுப்பனுக்கு. இதைப் பார்த்து நாங்கள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ரெண்டு சாதி இந்துக்கள் அடித்துக்கொண்டாலும் சேரிக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிற ஊர்களில் இருந்து வந்தவர்கள்தான் நாங்கள்.

மூன்றாவது 'எம்பரர் ஜோன்ஸ்', 1933. யூஜீன் ஓ'நீலின் நாடகம். ரயில் பெட்டியில் ஊழியம் பார்க்கிற புரூட்டஸ் ஜோன்ஸ் சூதாட்டத் தகராறில் நண்பனைக் கொன்று, சங்கிலிக் கைதியாகக் கல்லுடைத்து, தப்பி, ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே சக்கரவர்த்தி ஆகிறான். பிறகு காட்டில் பயத்தால் பைத்தியம் பிடித்துச் சாகிறான். வெள்ளைக் காவலனை அவன் அடித்துக் கொல்லும் காட்சி தணிக்கையில் போனது. இன்னொரு விஷயம் டீச்சர் அக்காவை ரொம்பவும் உலுக்கியது. இதில் நடித்த ஃபிரெடி வாஷிங்டன் வெளிர்நிறமுள்ள கறுப்பினப் பெண். ராப்சன் வெள்ளைக்காரியைக் கட்டிப்பிடிப்பதாக யாராவது நினைத்துவிடுவார்கள் என்று பயந்து, அந்த அம்மாவின் முகத்தில் கருமை பூசி மறுபடி எடுக்க வைத்தார்கள்.

அக்கா சொன்னார்: "நம்ம ஊர்ல சேரிப்பொண்ணு வேஷம்னா செவப்பு நடிகைக்கு மை பூசுவாங்க. அங்க கறுப்புப் பொண்ணுக்கே மை பூசியிருக்காங்க. ரெண்டு எடத்துலயும் நம்ம நெறம் அவங்க டப்பாவுலதான் இருக்கு."

3

'சாண்டர்ஸ் ஆஃப் த ரிவர்' 1935இல் வந்தது. அலெக்சாண்டர் கோர்டா தயாரிப்பு, அவர் தம்பி ஸோல்டான் கோர்டா இயக்கம். நைஜீரியாவில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் தனியாளாக ஆப்பிரிக்கக் குடிகளை அடக்கி ஆளுகிற கதை. ராப்சனின் பாத்திரம் பொசாம்போ. தப்பி வந்த கைதி, துரைக்கு விசுவாசி. துரை லீவில் போனதும் நாடு கலவரமாகிறது, திரும்பி வந்ததும் அடங்குகிறது. கடைசியில் பொசாம்போவுக்கு ராஜா பட்டம் கட்டுவதும் துரைதான்.

ராப்சன் இதை ஆசையோடு ஒப்புக்கொண்டவர். அந்தச் சமயம் லண்டனில் ஆப்பிரிக்க மொழிகளைப் படித்துக்கொண்டிருந்தார். கோர்டாவின் ஆட்கள் ஆப்பிரிக்காவுக்கே போய் நடனங்களையும் பாட்டுகளையும் படம்பிடித்து வந்திருந்தார்கள். தன் மூதாதையர் பண்பாட்டை உலகம் மரியாதையோடு பார்க்கப்போகிறது என்று அவர் நம்பினார். வெளிவந்தபோது முதல் எழுத்துகளிலேயே பிரிட்டிஷ் சாம்ராஜ்ய சேவகர்களுக்கு வணக்கம் போட்டிருந்தது. அந்த ஏகாதிபத்தியத் திருப்பம் கடைசி நாட்களில் சேர்க்கப்பட்டது என்று பின்னால் சொன்னார். படத்தை வெளிப்படையாகவே கண்டித்தார்.

அந்தப் படத்தில் கூலிக்குக் கூட்டத்தில் நின்றவர்களில் ஒருவர் ஜோமோ கெனியாட்டா. லண்டனில் படித்துக்கொண்டு காசுக்குத் திண்டாடிய காலம். பிரிட்டிஷாரை வெளியேற்றி 1963இல் விடுதலை பெற்ற கென்யாவுக்குத் தலைவரானவர், பிரிட்டிஷ் புகழ் பாடும் படத்தில் செட்டுக் கிராமத்தில் நிற்கிறார். இதைச் சொன்னதும் பறைக்காரத் தம்பி எழுந்து உட்கார்ந்தான். "அப்ப அவரும் கூலிக்குத்தாண்ணே நின்னாரு? நம்மள மட்டும் ஏண்ணே திட்டுறீங்க?" என்றான். அவன் கேட்டதற்குப் பின்னால் வருகிறேன்.

4

1936இல் 'ஷோ போட்'. இதில் ராப்சன் மிசிசிப்பி ஆற்றங்கரை மூட்டைக்காரன் ஜோ. படம் முழுக்க அவனைச் சோம்பேறி என்று பெண்டாட்டியே ஏசுகிறாள். ஆனால் 'ஓல் மேன் ரிவர்' என்ற ஒரு பாட்டு அவனுக்கு இருக்கிறது. மூட்டை தூக்குகிறவனின் வலியைப் பார்த்தும் பாராமல் ஓடுகிற ஆற்றைப் பற்றிய பாட்டு. எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். ராப்சன் இந்தப் பாட்டை விடவில்லை, திருத்தினார். கறுப்பரை இழிவாகச் சொல்லும் வார்த்தையை எடுத்தார். களைப்பும் சாவு பயமும் இருந்த இடத்தில், அழாமல் சிரிப்பதையும் சாகிறவரைக்கும் சண்டை போடுவதையும் வைத்தார். பிறகு எந்தக் கச்சேரியிலும் அப்படித்தான் பாடினார். அசாமின் பூபேன் ஹசாரிகா கொலம்பியாவில் படிக்கப் போனபோது ராப்சனைச் சந்தித்து, அந்தப் பாட்டின் தாக்கத்தில்தான் ஆற்றையே கேள்வி கேட்கும் தன் புகழ்பெற்ற பாட்டைப் படைத்தார். படத்தில் அவரால் மாற்ற முடியாததை மேடையில் மாற்றிக்கொண்டார் என்பதைக் கண்டக்டர் அண்ணன் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினார்.

அதே வருஷம் 'சாங் ஆஃப் ஃப்ரீடம்'. சாண்டர்ஸில் பட்ட சூட்டால், கடைசி வெட்டுக்கு என் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு நடித்தார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பு நடிகருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம். லண்டன் துறைமுகத் தொழிலாளி ஜான் ஸிங்கா. மனைவியும் அவனும் குடித்தனம் நடத்துகிற வீடு, தெரு, வெள்ளைத் தொழிலாளிகளோடு சகஜமான பேச்சு என்று முதல் பாதி அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஒரு கறுப்புக் குடும்பம் சும்மா சோறு தின்று சிரித்துப் பேசுவதைத் திரையில் பார்க்கவே எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் தெரிகிறது, அவன் ஓர் ஆப்பிரிக்கத் தீவின் ராஜ வம்சமாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். மதுரைவீரன்! காசி ராஜாவுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கிற சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்த பிள்ளை என்றுதானே அவன் கதையையும் பாடி வைத்திருக்கிறார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் அப்படித்தான் காட்டியது. எங்கள் பக்கத்து அருந்ததியர் தெருப் பெரியவர்களைக் கேட்டால், "அவன் எங்க புள்ளடா, ராஜா ஊட்டுப் புள்ளயாவது ஒண்ணாவது" என்பார்கள். உழைக்கிறவன் வீரனாக இருக்கலாம், ஆனால் அவன் ரத்தம் வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிற விதி லண்டனிலும் இருக்கிறது, காசியிலும் இருக்கிறது. வெட்டும் உரிமையைக் கையில் வாங்கிய பிறகும் கதை அந்தப் பள்ளத்தில்தான் போய் விழுகிறது என்றால், கத்தரிக்கோலுக்கும் முன்னால், கதை யோசிக்கிற மண்டையிலேயே ஏதோ இருக்கிறது.

எஸ்லாண்டாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ராப்சனின் ஒப்பந்தங்களையெல்லாம் பேசி முடித்தவர் அவர்தான். லண்டனில் மானிடவியல் படித்தார். சினிமா காட்டிய ஆப்பிரிக்கா போதாதென்று 1936இல் மகனைக் கூட்டிக்கொண்டு நிஜ ஆப்பிரிக்காவுக்கே போனார். அந்தப் பயணத்தைப் புத்தகமாக 1945இல் வெளியிட்டார். "பெரிய ஆளைப் பத்தி பேசறப்ப பொம்பள கணக்கு எழுதறவளா மட்டும் நின்னுடுறா" என்று அக்கா வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நம்முடைய இயக்க வரலாறுகளுக்கும் பொருந்தும்.

1937இல் மூன்று படங்கள். 'பிக் ஃபெல்லா' மார்சேய் துறைமுகக் கதை, க்ளாட் மெக்கேயின் நாவலை வைத்து எடுத்தது. நாவலின் காரம் படத்தில் இல்லை. 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' படத்தில் அவர் வெள்ளைக்காரர்களுக்கு வழித்துணையாக வருகிற உம்போபா. பார்த்தால் அவனும் பறிகொடுத்த ராஜ்ஜியத்தின் ராஜா. மூன்றாவது 'ஜெரிக்கோ', முதல் உலகப்போர் சிப்பாய். கப்பல் மூழ்கும்போது ஆட்களைக் காப்பாற்றப் போய், தடுத்த சார்ஜெண்ட் கைகலப்பில் செத்துவிட, மரண தண்டனை விழுகிறது. தப்பி ஓடிப் பாலைவனக் குடிகளுக்குத் தலைவனாகிறான். இதில் அவன் சாகவும் இல்லை, சிறைக்குத் திரும்பவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி கண்டக்டர் அண்ணன் நோட்டைத் திறந்து கூட்டிப் படித்தார். ராப்சன் தப்பி ஓடிய கைதியாக வந்த படம் நான்கு: பாடி அண்ட் சோல், எம்பரர் ஜோன்ஸ், சாண்டர்ஸ், ஜெரிக்கோ. ராஜாவாகவோ சக்கரவர்த்தியாகவோ ஆன படம் நான்கு: ஜோன்ஸ், சாண்டர்ஸ், சாங் ஆஃப் ஃப்ரீடம், சாலமன் சுரங்கம். ஜெரிக்கோவின் தலைவன் பதவியையும் சேர்த்தால் ஐந்து. ஒன்று கைதி, இல்லாவிட்டால் ராஜா. சில நேரம் ரெண்டும். நடுவில் சாதாரண மனுஷனாக வாழ இடமில்லை.

இங்கேதான் அவர் அப்பாவை நினைக்க வேண்டும். அடிமைப் பண்ணையிலிருந்து ஓடிவந்தது விடுதலை. ஒரு முழு இனத்தின் பெருமையான வரலாறு அந்த ஓட்டம். சினிமா அந்த ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. ஓடுகிறவனின் காலில் குற்றத்தைக் கட்டி, ஓடிய காரணத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டது. பண்ணையை விட்டு ராவோடு ராவாகக் கிளம்பிய நம் பாட்டன்மார்களையும் 'சொல்லாம ஓடிப்போனவன்' என்றுதானே ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

5

'ப்ரௌட் வேலி', 1940. ராப்சன் தன் படங்களில் மிகவும் விரும்பியது இதுதான். எங்களுக்கும் அப்படியே. வேலை தேடி அலையும் டேவிட் கோலியத் என்ற கறுப்பன் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊருக்கு வருகிறான். அவன் குரலைக் கேட்டு அங்கத்திய பாட்டுக் குழுக்காரர் வேலை வாங்கித் தருகிறார். நிறத்தைச் சொல்லி ஒருவன் மறுக்கும்போது, குழிக்குள்ளே இறங்கினால் எல்லாரும் கறுப்புதானே என்று வெள்ளைத் தொழிலாளியே கேட்கிறான். இது வெறும் கதை இல்லை. 1920களின் கடைசியில் லண்டன் தெருவில் பாடிக்கொண்டு போன வேலையிழந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளோடு ராப்சன் சேர்ந்து நடந்தார். அந்த உறவு கடைசிவரை இருந்தது.

ஆனாலும் வக்கீல் விடவில்லை. தொழிலாளிகளே சுரங்கத்தை எடுத்து நடத்துவதாக முதலில் எழுதியிருந்த முடிவை, உலகப்போர் வந்ததும் முதலாளியோடு ஒத்துப்போவதாக மாற்றினார்கள். கடைசியில் மற்றவர்களைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுப்பது கறுப்பன். "நம்ம ஆளு செத்தாதான் ஊரு பொழைக்கும். அப்பத்தான் அவங்களுக்கு அழுகை வரும்" என்றார் வக்கீல். கதாநாயகனுக்காகக் குண்டை வாங்கிக்கொண்டு சாகிற நண்பன் பாத்திரங்களை நம் சினிமாவில் எண்ணிப் பாருங்கள்.

1942இல் வந்த 'நேட்டிவ் லேண்ட்' படத்தில் ராப்சன் முகமே இல்லை. லியோ ஹர்விட்ஸும் பால் ஸ்ட்ராண்டும் எடுத்த இடதுசாரிப் படம். தொழிற்சங்கங்களை உளவாளி வைத்தும் அடியாள் வைத்தும் உடைத்ததைச் செனட் கமிட்டி விசாரித்த உண்மைகளை வைத்து எடுத்தது. ராப்சன் பின்னணியில் பேசுகிறார், பாடுகிறார். கறுப்புக் குத்தகை விவசாயியும் வெள்ளைக் குத்தகை விவசாயியும் சேர்ந்து ஓடி, சேர்ந்து சுடப்பட்டு விழுகிறார்கள். ஓட்டம் குற்றமாகாமல் நியாயத்தோடு காட்டப்பட்ட இடம் இது. அமெரிக்கா போரில் இறங்கியிருந்த நேரம். நாட்டுக்குள் பிளவைப் பேசும் படம் எதற்கு என்று அதிகக் கொட்டகை கிடைக்கவில்லை.

அதே 1942இல் ஹாலிவுட்டில் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்'. பணம் வைத்த கோட்டு ஒன்று விமானத்திலிருந்து விழுகிறது. கறுப்புக் கூலி விவசாயிகள் கடவுள் தந்ததாகக் கும்பிட்டு ஆடிப் பாடுகிறார்கள். பணத்தைப் பொதுவில் பங்கிட்டு நிலம் வாங்குவது நல்ல விஷயமாயிற்றே என்று நம்பித்தான் ராப்சன் போனார். வந்தது பழைய அடிமைத் தோட்டத்து வெகுளிச் சித்திரம். கறுப்பர் பத்திரிகைகள் கண்டித்தன. இந்தப் படத்தை எதிர்த்து மறியல் நடந்தால் நானும் வந்து நிற்பேன் என்று ராப்சனே சொன்னார். அதோடு சினிமாவை விட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

6

பன்னிரண்டும் முடிந்த பிறகு எங்களுக்குள் நடந்த சண்டைதான் முக்கியம். தம்பியின் பறைக்குழுவை ஒரு படக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. சாவு ஊர்வலக் காட்சி. சட்டையில்லாமல், குடித்துவிட்டுத் தள்ளாடி அடிக்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு, சாப்பாடு, பஸ் சார்ஜ். ராப்சன் மாதிரி மறுத்துவிடு என்று வக்கீல் சுலபமாகச் சொல்லிவிட்டார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ராப்சனுக்குக் கச்சேரி இருந்திச்சு, நாடகம் இருந்திச்சு. சினிமா வேணாம்னு வந்த மறுவருசமே ஒத்தெல்லோ ஆடுனாருன்னு நீங்கதான சொன்னீங்க. எனக்கு இன்னா இருக்கு? சாவுக்கு அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்றீங்க. சினிமாவுக்கும் அடிக்கக் கூடாது. அப்புறம் எங்கண்ணே அடிக்கிறது? உங்க கூட்டத்துக்கு அடிச்சா டீயும் சால்வையும்தான தர்றீங்க?"

யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தம்பி சொன்ன கணக்கு சரி. ராப்சன் 1943இல் பிராட்வேயில் ஒத்தெல்லோவாக நடித்து 296 காட்சிகள் ஓடியது. மறுப்பதற்கு அவருக்கு ஒரு மேடை காலடியில் இருந்தது. அந்த மேடையையும் பிடுங்கியபோது என்ன நடந்தது என்பதுதான் எங்கள் சண்டைக்கு வழி காட்டியது.

1949இல் பீக்ஸ்கில் என்ற ஊரில் அவர் கச்சேரிக்கு வந்தவர்களைக் கல்லால் அடித்தார்கள். 1950இல் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். அரங்குகள் கதவைச் சாத்தின. ரெக்கார்டு கம்பெனிகள் கைவிட்டன. அந்த எட்டு வருஷம் அவரைப் பாட வைத்தவர்கள் யார்? கறுப்பர் தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள். 1952இல் கனடா எல்லையில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஒரு லாரியை நிறுத்தி அதையே மேடையாக்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று பாடினார், அந்தப் பக்கமும் ஆயிரக்கணக்கான சனம் நின்று கேட்டது. 1957இல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகள் தங்கள் விழாவுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக அவரைப் பாட வைத்தார்கள். ஆளே போகாமல் குரல் போனது. ஹார்லெமிலிருந்து 'ஃப்ரீடம்' என்ற சொந்தப் பத்திரிகை வந்தது. 1956 ஜூனில் அமெரிக்க விரோத நடவடிக்கைக் கமிட்டி முன்னால் அவர் அசராமல் பதில் சொன்னாரே, அந்தத் தைரியம் தனி ஒருவரின் நெஞ்சுரம் மட்டும் இல்லை. பின்னால் கதவு திறந்து வைத்திருந்த சனங்கள் இருந்தார்கள். 1958இல் அவரது அறுபதாவது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாடுவதை அமெரிக்க அதிகாரிகள் தடுக்கப் பார்த்தும் நேரு வாழ்த்துச் செய்தி கொடுத்தார். அதே வருஷம் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் பாஸ்போர்ட் திரும்ப வந்தது. உடம்பும் மனசும் அதற்குள் நிறைய நொந்துபோயிருந்தன. 1976 ஜனவரி 23இல் பிலடெல்பியாவில் இறந்தார்.

நம் கலைஞர்களிடம் 'இழிவான வேஷத்தை மறு' என்று சொல்ல இயக்கங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு ஒரு கடனும் சேர்ந்து வருகிறது. மறுத்துவிட்டு வருகிறவனுக்கு நிற்க இடம், கூலி, கேட்கிற சனம், ஒலிபெருக்கிக்குக் காசு இதெல்லாம் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். அது இல்லாமல் மானத்தைப் பற்றிப் பேசுவது, பசித்தவனுக்குப் புத்தி சொல்வதுதான். கறுப்பர்கள் தேவாலயத்தையும் சங்கத்தையும் மேடையாக்கினார்கள். நாம் ஏப்ரல் 14இல் ஒரு நாள் மேடை போட்டு மறுநாள் பிரித்துவிடுகிறோம்.

தம்பியின் குழு கம்பெனிக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பியது. சட்டை போட்டுத்தான் அடிப்போம், குடிகாரனாக நடிக்க மாட்டோம், சம்மதமென்றால் வருகிறோம் என்றது. கம்பெனி வேறு ஊரிலிருந்து வேறு குழுவைக் கூட்டிக்கொண்டது. அந்தக் குழுவும் நம் சனம்தான். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தம்பி குழுவின் ஆறு பேருக்கு அன்றைய கூலி போனது. கண்டக்டர் அண்ணன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதி, கீழே எங்கள் ஐந்து பேர் பெயரையும் எழுதி, பக்கத்தில் மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார். இப்போது மூன்று தெருக்காரர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, காசு கொடுத்து, சட்டை போட்டு, சாவுக்கு இல்லாமல் பறை அடிக்கிற மேடை ஒன்று நடக்கிறது. கூலி இன்னும் சினிமாக் கம்பெனி தருவதில் பாதிதான். மீதிப் பாதியை எங்கிருந்து கொண்டுவருவது என்று இதைப் படிக்கிற தோழர்களும் யோசிக்க வேண்டும்.